கிறிஸ்மஸை எக்ஸ்மஸ்னு சுருக்கி எழுதலாமா, கூடாதா? கேரல் ஃபிளெக்ஸ்ல ஆரம்பிச்ச வாக்குவாதம்

பாளை ஜெபா:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சேகரத்துல வாலிபர் ஐக்கியம் சார்பா கேரல் ரவுண்ட்ஸ்க்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கணும், டிசைன் என் பொறுப்பு. மேல இங்கிலீஷ்ல எக்ஸ் எழுத்து போட்டு சுருக்கமா, அதுக்குக் கீழ தமிழ்ல பெருசா "எக்ஸ்மஸ் கேரல் பவனி"ன்னு வச்சு வாட்ஸப் குரூப்ல அனுப்பினேன். அன்னைக்கு ராத்திரியே கமிட்டி பெரியவர் ஒருத்தர் வாய்ஸ் நோட்ல "பொறந்தவர் பேரையே அடிச்சுட்டு பொறந்தநாள் கொண்டாடுதீங்களா தம்பி"ன்னு கேட்டுட்டாரு. எங்க பசங்க என்னடான்னா ஸ்கூல் காலண்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு, இதெல்லாம் ஒரு பிரச்சனையான்னு நிக்கிறாங்க. ரெண்டு பக்கமும் கோவம். இந்தச் சுருக்கம் எங்கேருந்து வந்துச்சு, இது உண்மையிலேயே கிறிஸ்துவை எடுத்துட்டு எழுதுறதா இல்லையான்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஃபிளெக்ஸ் இன்னும் பிரிண்டுக்குப் போகல.

ராணி டீச்சர்:
ஜெபா, நான் அந்தப் பெரியவர் பக்கம்தான். பிள்ளைங்க நோட்டுல எக்ஸ் போட்டா விடை தப்புன்னு அர்த்தம். கணக்குல எக்ஸ்னா இன்னும் கண்டுபிடிக்காத ஒண்ணு. பேரு தெரியாத ஆளை மிஸ்டர் எக்ஸ்ங்கிறோம். இப்படி எல்லா இடத்துலயும் தப்பு, தெரியாதது, இல்லாததுன்னு நாம பழகி வச்சிருக்கிற ஒரு எழுத்தைக் கொண்டாந்து ஆண்டவர் பேரு இருக்கவேண்டிய இடத்துல வைக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல. கிறிஸ்மஸ்னு முழுசா எழுத இன்னும் ரெண்டு விநாடி ஆகுமா? அந்த ரெண்டு விநாடி கூட குடுக்க மனசில்லாம அப்புறம் எதுக்கு நாலு தெரு பாடிக்கிட்டு போகணும்.

அரசரடி மாணவன்:
டீச்சர், உங்க மனசு புரியுது, ஆனா அது நம்ம நோட்டுல போடுற எக்ஸ் இல்ல. அரசரடி இறையியல் கல்லூரியில கிரேக்கம் படிச்சப்போ முதல் மாசத்துலயே இது வந்துடும். கிரேக்கத்துல கிறிஸ்து பேரு "கி"ன்னு ஒரு எழுத்துல ஆரம்பிக்கும், அந்த எழுத்தோட வடிவம் பார்க்க அப்படியே இங்கிலீஷ் எக்ஸ் மாதிரி இருக்கும். ரெண்டாவது எழுத்து "ரோ", அது பார்க்க இங்கிலீஷ் பி மாதிரி. இந்த ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்ட சின்னத்தை நீங்களே ஆயிரம் தடவை பாத்திருப்பீங்க, ஆல்டர் துணியில, குருவானவர் தோள்ல போடுற ஸ்டோல்ல எல்லாம் எம்ப்ராய்டரி பண்ணியிருப்பாங்க. 312ல மில்வியன் பாலத்துச் சண்டைக்கு முன்னாடி ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைத் தன் படைக்கு அடையாளமா வச்சான்னு அந்தக் காலத்து எழுத்தாளர்களே எழுதியிருக்காங்க.

அதுக்கும் முன்னாடி இருந்தே இந்தப் பழக்கம் இருக்கு. புதிய ஏற்பாட்டோட பழைய பாப்பிரஸ் பிரதிகளை எடுத்துப் பாருங்க, பவுல் நிருபங்கள் இருக்கிற பி46ன்னு சொல்ற பிரதி சுமார் கி.பி. 200 காலத்துதுன்னு பொதுவா சொல்றாங்க, அதுலயே தேவன், கர்த்தர், இயேசு, கிறிஸ்து இந்தப் பேரெல்லாம் முழுசா இருக்காது. ரெண்டு மூணு எழுத்து மட்டும் எழுதி மேல ஒரு கோடு இழுத்திருப்பாங்க. நாலாம் நூற்றாண்டு சினாய் பிரதியிலயும் அப்படித்தான். இடம் மிச்சம் பண்றதுக்காக இல்ல, ஏன்னா அதைவிட நீளமான சாதாரண வார்த்தையெல்லாம் பக்கத்துலயே முழுசா எழுதியிருக்கு. பரிசுத்தமான பேரைத் தனியாத் தெரியற மாதிரி எழுதணும்னுதான் அந்தச் சுருக்கம்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. அதாவது மத்த வார்த்தைங்களை விரிச்சு எழுதினவங்க மரியாதைக்காகவே இந்தப் பேரைச் சுருக்கியிருக்காங்க.

சாந்தோம் ஆரோ:
கத்தோலிக்கர் பக்கத்துலேருந்து ரெண்டு வார்த்தை. எங்க கோயில் பீடத்துல, நற்கருணைப் பேழையில, சில இடத்துல அப்பத்து மேலயே கூட ஐ எச் எஸ்னு மூணு எழுத்து இருக்கும். அது இயேசுங்கிற பேரோட கிரேக்க முதல் மூணு எழுத்து. சேசு சபையோட முத்திரையே அதுதான். சிலுவை உச்சியில நாலு எழுத்து பலகை இருக்குமே, அதுவும் லத்தீன்ல ஒரு முழு வாக்கியத்தோட சுருக்கம்தான். தமிழ்லயே பாருங்க, சேசு சபை ஃபாதருங்க பேருக்குப் பின்னாடி "சே.ச."ன்னு போடுறோம், அந்த "சே"ங்கிறது சேசு, இயேசுவோட பேரேதான். எந்த ஃபாதரையும் பாத்து ஆண்டவர் பேரை ஏன் ஒத்தை எழுத்தாக்கினீங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டு நான் பாக்கல.

கிழக்குத் திருச்சபை ஐகான் படங்கள்லயும் ஆண்டவர் தலைக்கு ரெண்டு பக்கமும் பேரோட முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி நின்னு சனங்க முத்தி செய்றாங்க, அதாவது முத்தம் குடுக்கிறாங்க.

ராணி டீச்சர்:
ஆரோ தம்பி, அரசரடி தம்பி, ரெண்டு பேரும் சொன்னதை மறுக்கல, நல்ல விஷயம். ஆனா நீங்க சொல்றது பீடம், ஐகான், வேதப் பிரதி. அங்க அந்த எழுத்தைப் பாக்கிறவனுக்கு அது யாருன்னு தெரியும், தெரிஞ்சுதான் முழங்கால் போடுறான். துணிக்கடை வாசல்ல "எக்ஸ்மஸ் ஆஃபர்"னு தொங்குதே அதைப் பாக்கிறவன் எவனுக்கு கிரேக்கம் தெரியும்? எழுதினவனுக்காவது தெரியுமா? அந்த எழுத்து அங்க நிக்கிறது பேருக்குப் பதிலா இல்ல, பேரு இல்லாமப் போனதுக்கு. ஆயிரத்தி எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அர்த்தம் இருந்துச்சுங்கிறதுக்காக இன்னைக்கு இல்லாத அர்த்தத்தை இருக்குன்னு எப்படி நெனைக்கிறது?

சப் எடிட்டர் குமார்:
டீச்சர் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவுல ரொம்ப காலமா கேட்டுட்டு இருக்காங்க. 1977ல நியூ ஹாம்ப்ஷயர் கவர்னர் மெல்ட்ரிம் தாம்சன் பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு அறிக்கையே அனுப்பினாரு, கிறிஸ்மஸ்ல கிறிஸ்துவை இருக்க விடுங்க, எக்ஸ் போட்டு எழுதுறது புறஜாதிக்காரங்க, அதாவது கிறிஸ்துவை அறியாதவங்க எழுத்துமுறைன்னு. 2005ல பிரபல நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரஹாம் மகன் ஃபிராங்க்ளின் கிரஹாமும் டிவி பேட்டியில இதையே சொன்னாரு, இது இயேசு கிறிஸ்துங்கிற பேருக்கு எதிரான யுத்தம்ங்கிற அளவுக்குப் போனாரு. அவங்க வருத்தம் நெஜம்தான், ஆனா புறஜாதி எழுத்துமுறைன்னு சொன்னது வரலாற்றுப்படி நிக்காது, அரசரடி நண்பர் சொன்னபடி அது சபைக்குள்ளேருந்தே வந்தது. பதினாறாம் நூற்றாண்டுலயே இங்கிலீஷ்ல எக்ஸ் போட்டு எழுதினது கிடைக்குது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1801 கடைசியில எழுதின ஒரு கடிதத்துல கிறிஸ்மஸ் அன்னைக்கு காலைச் சாப்பாடு யார் கூட சாப்பிட்டேன்னு சொல்றப்போ சாதாரணமா எக்ஸ்மஸ் டேன்னுதான் எழுதியிருக்காரு, அவரு கிறிஸ்துவை வேணாம்னு தள்ளின ஆள் இல்ல.

அதே நேரத்துல டீச்சருக்கு ஒரு ஆதரவும் சொல்லிடுறேன். ஏபி செய்தி நிறுவனத்தோட ஸ்டைல் புக் எக்ஸ்மஸ்னு எழுதவே கூடாதுங்குது. அவங்களுக்கு இதுல பக்தி ஒண்ணும் கிடையாது, எழுத்துல ஒரு மரியாதை, ஒரு ஒழுங்கு வேணும்னு நெனைக்கிறாங்க. தலைப்புல இடம் பத்தாம நான் தவிச்ச ராத்திரி உண்டு, அப்பக்கூட இந்தச் சுருக்கத்தை நான் தொட மாட்டேன், படிக்கிறவங்கள்ல ஒரு பகுதிக்கு அது குத்தும்னு தெரியும்போது எதுக்கு.

அச்சகம் மணி:
நான் பிரஸ் வச்சிருக்கேன், டிசம்பர் வந்தா ஃபிளெக்ஸ், நோட்டீஸ், ஸ்டார் மேல ஒட்டுற ஸ்டிக்கர்னு ஓடிட்டே இருக்கும். கஸ்டமர் யாரும் கிறிஸ்துவை எடுத்துடுங்கன்னு கேட்டு வர்றதில்லைங்க, எட்டுக்கு நாலு ஃபிளெக்ஸ்ல நன்கொடையாளர் போட்டோ இருபது வைக்கணும், எழுத்துக்கு மிஞ்சுற இடத்துல சுருக்கித்தான் ஆகணும், அவ்வளவுதான் காரணம். இன்னொண்ணு, நம்ம ஊர்ல எல்லாரும் எக்ஸ்க்குப் பின்னாடி மேல ஒரு சின்னக் கொக்கி போடுறாங்க, எழுத்து விட்டுப்போனா போடுற குறி அது. அரசரடி தம்பி சொல்றபடி பாத்தா அந்த ஒத்தை எழுத்தே முழுப் பேருக்கு நிக்குது, அப்ப கொக்கி எதுக்கு? கொக்கியைப் பாத்துதான் ஏதோ அடிச்சுட்டாங்கன்னு நெனப்பு வருதோ என்னவோ.

வெங்கட் மடிப்பாக்கம்:
நான் கிறிஸ்தவன் இல்ல, ஆனா ரொம்ப நாளா இந்த இழையைப் படிச்சிட்டு ஒண்ணு கேக்கணும்னு தோணுது. ஸ்கூல் காலத்துலேருந்து என் சிநேகிதங்களுக்கு வாழ்த்து அட்டையில அப்படித்தான் எழுதி அனுப்புறேன், இப்ப ஆபீஸ் குரூப்லயும் அப்படித்தான் டைப் பண்றேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. அவங்க மனசுக்குள்ள சங்கடப்பட்டுக்கிட்டு தேங்க்ஸ் சொன்னாங்களான்னு இப்ப யோசனையா இருக்கு. நீங்கல்லாம் நேரா சொல்லுங்க, எங்களை மாதிரி வெளியிலேருந்து வாழ்த்து சொல்றவங்க எப்படி எழுதணும்னு எதிர்பாக்கிறீங்க?

ராணி டீச்சர்:
வெங்கட், நீங்க அனுப்புற வாழ்த்துல எனக்கு ஒரு குறையும் கிடையாது. வேற மதத்துப் பிள்ளைங்க ஞாபகம் வச்சு வாழ்த்து அனுப்புறதே எனக்குச் சந்தோஷம், அதுல எழுத்துப்பிழை பாக்கிற ஆள் நான் இல்ல. என் கேள்வி எங்க பிள்ளைங்களைத்தான். பேரு தெரிஞ்சவங்க, ஞானஸ்நானம் வாங்கினவங்க, அவங்க எழுதுறப்போதான் எனக்கு வலிக்குது.

ஹமீது கீழக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். டீச்சரம்மா சொல்ற வலி எங்க வீட்டுலயும் உண்டு. கடிதம் எழுதினா, கடைக் கணக்கு ஆரம்பிச்சா மேல 786 போடுறது எங்க வாப்பா காலத்துப் பழக்கம். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்ங்கிற வாக்கியத்தோட எழுத்துக்களுக்கு அரபியில எண் மதிப்பு குடுத்துக் கூட்டினா வர்ற தொகை அது. கடுதாசி காலடியில பட்டா அல்லாஹ்வோட பேருக்கு அவமரியாதை ஆயிடக் கூடாதுன்னுதான் எண்ணா எழுதினாங்க, மரியாதைதான் காரணம். ஆனா இப்ப ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள் பலர் அது வேணாம், நபி வழியில அப்படி இல்ல, முழுசா எழுதுங்க இல்லன்னா வாயால சொல்லிட்டு ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. நபிகள் பேருக்குப் பின்னாடி "ஸல்"னு சுருக்கிப் போடுறதுலயும் இதே பேச்சு உண்டு, ஸலவாத்தை, அதாவது நபிக்கான வாழ்த்தை முழுசா எழுத சோம்பலான்னு கேக்கிறவங்க இருக்காங்க. ரெண்டு பக்கமும் அன்பாலதான் பேசுறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் "ஸல்"னுதான் எழுதுறேன், ஆனா வாசிக்கும்போது ஒரு தடவைகூட சுருக்கி வாசிச்சதில்ல.

அரசரடி மாணவன்:
ஹமீது பாய், கடைசியா சொன்னீங்களே அதுதான் முக்கியம். எழுதுறதுல சுருக்கம், வாசிக்கிறதுல முழுசு. பழைய பிரதிகளை சபையில வாசிச்சவங்களும் அப்படித்தான் வாசிச்சிருப்பாங்க, "கி" எழுத்தையும் மேல கோட்டையும் பாத்தா வாயில கிறிஸ்துன்னு வரும். இங்கிலீஷ்லயும் அந்தச் சுருக்கத்தைப் பாத்து கிறிஸ்மஸ்னு வாசிச்சதுதான் மூத்த பழக்கம். எழுத்தோட பேரைச் சொல்லி எக்ஸ்-மஸ்னு உச்சரிக்க ஆரம்பிச்சது பிற்பாடு வந்தது.

திருமலை நிலானி:
எங்கட பக்கம் இருந்து ஒண்டு சொல்லோணும். இலங்கையில நாங்கள் காலங்காலமா நத்தார் எண்டுதான் சொல்லி வாறம். நத்தார் பண்டிகை, நத்தார் தாத்தா, பேப்பரிலயும் நத்தார் வாழ்த்து எண்டுதான் போடுவினம். அது போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போன சொல்லு, அவையளின்ர மொழியில பிறப்பு எண்டு அர்த்தம். அதில கிறிஸ்து எண்ட பேரே இல்லை! ஸ்பானிஷ்காரர், இத்தாலிக்காரர், பிரெஞ்சுக்காரர் சொல்லுற பேருகளிலயும் இல்லை, ஜெர்மன்காரர் புனித இரவு எண்டுதான் சொல்லுறவை. எங்கட அம்மம்மா நத்தார் எண்டு சொல்லித்தான் நடுச்சாமப் பூசைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவா. அவவிட விசுவாசத்தில ஆரும் குறை சொல்லேலாது. பேரில இருந்தால்தான் பண்டிகையில இருக்கிறார் எண்டு சொன்னா இத்தனை சனமும் என்ன செய்யிறது?

சாந்தோம் ஆரோ:
நிலானி அக்கா அருமையா சொன்னீங்க. எங்க கோயில் நோட்டீஸ்ல "கிறிஸ்து பிறப்புப் பெருவிழா"ன்னுதான் போடுவோம், எனக்கு என்னமோ அதுதான் எல்லாத்தையும் விடத் திருப்தியான பேரு.

புலவர் சின்னதுரை:
எல்லாரும் முதல் பாதியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, பின்பாதியில இருக்கிற "மஸ்" யாருக்கும் ஞாபகம் வரல. அது மாஸ், அதாவது திருப்பலி. இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் பியூரிட்டன்கள்ங்கிற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்காரங்களுக்குப் பிரச்சனையே அந்தப் பாதியிலதான் இருந்துச்சு. சில பேரு அந்த வார்த்தையை வாயால சொல்லக் கூடாதுன்னு கிறிஸ்ட்-டைட்னு மாத்திச் சொன்னாங்க. 1647ல இங்கிலாந்து பார்லிமென்ட் பண்டிகையையே தடை பண்ணுச்சு. மாசசூசெட்ஸ்ல 1659லேருந்து 1681 வரைக்கும் கிறிஸ்மஸ் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்துல 1958 வரைக்கும் அன்னைக்கு பொது விடுமுறையே கிடையாது. இதெல்லாம் பண்ணினவங்க கிறிஸ்து மேல பக்தி இல்லாதவங்களா? பக்தி ஜாஸ்தியாகித்தான் பண்ணினாங்க. இன்னைக்கும் நம்ம ஊர்ல கிறிஸ்மஸ் கொண்டாடாத பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கு. ஆக அந்தப் பேருல எந்தத் துண்டை வச்சுக்கணும், எந்தத் துண்டு உறுத்துதுங்கிற சண்டை நாலு நூற்றாண்டா சபைக்குள்ளதான் நடக்குது, ஒரு ஃபிளெக்ஸ்க்காக சின்னப் பசங்க மேல விசுவாசக் குறைவுன்னு பழி போடாதீங்க.

பாளை ஜெபா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விஷயம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. இதையெல்லாம் குரூப்ல அப்படியே ஃபார்வர்ட் பண்ணினேன். பசங்க இப்ப "பாத்தீங்களா கிரேக்கத்துல சரிதான், அப்படியே அடிச்சிடலாம்"ங்கிறாங்க. அடிச்சிடவா?

அரசரடி மாணவன்:
ஜெபா ஒரு நிமிஷம். நான் சொன்னதை வச்சே உங்க பசங்க ஜெயிச்சாங்கன்னா எனக்குச் சங்கடம், ஏன்னா உங்க டிசைன்ல தமிழ்ல பெருசா "எக்ஸ்மஸ்"னு இருக்குன்னு சொன்னீங்க. அங்க என் வாதம் எடுபடாது. இங்கிலீஷ்ல எழுதும்போது அந்த எழுத்தோட வடிவம் இருக்கு, அந்த வடிவம்தான் கிரேக்க "கி". பேரோட முதல் எழுத்து அப்படியே கண்ணுக்கு முன்னாடி நிக்குது, தெரிஞ்சவன் தெரிஞ்சுப்பான். தமிழ்ல எ, க், ஸ்னு எழுதும்போது அந்த வடிவம் போயிடுச்சு. மிஞ்சுறது இங்கிலீஷ்ல ஒரு எழுத்தை எப்படிக் கூப்பிடுறாங்கங்கிற சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துல கிறிஸ்துவும் இல்ல, கிரேக்கமும் இல்ல. சுருக்கவும் இல்ல, எண்ணிப் பாருங்க, கிறிஸ்மஸ்னு எழுதினாலும் கிட்டத்தட்ட அதே நீளம்தான் வரும். முழுசா வாசிக்கவும் வழியில்ல, தமிழ்ல எழுதினது எழுதினபடிதானே வாயில வரும்.

தமிழ் தனக்குன்னு ஒரு சுருக்கம் ஏற்கனவே வச்சிருக்கு. கி.மு., கி.பி. எத்தனை தலைமுறையா எழுதுறோம், அந்த "கி" யாரு? கிறிஸ்துதான். நாத்திகர், சைவர், முஸ்லிம் எல்லாரும் சரித்திரம் எழுதும்போது அந்த ஒத்தை எழுத்தை எழுதி கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின்னுதான் வாசிச்சாங்க. இப்ப நிறைய வரலாற்றுப் புத்தகத்துல பொது ஆண்டுன்னு பொ.ஆ. போடுறாங்க, அப்பத்தான் நம்ம ஆளுங்களுக்கு "கி" போச்சேன்னு வருத்தம் வந்துச்சு. ஒத்தை எழுத்தா இருந்தப்போ அதை யாரும் அவமரியாதைன்னு சொல்லல, ஏன்னா அது அவர் பேரோட எழுத்து. டீச்சர் மொதல்லேருந்து சொல்றது இங்கிலீஷ் சுருக்கத்துக்குப் பொருந்தாதுன்னு இப்பவும் நெனைக்கிறேன், ஆனா தமிழ் ஃபிளெக்ஸ்க்கு நூத்துக்கு நூறு பொருந்தும்.

அச்சகம் மணி:
இடப் பிரச்சனைன்னா நான் சொல்றேன் தம்பி. "கிறிஸ்மஸ் கேரல் பவனி" மூணு வார்த்தையும் ஒரே வரியில எட்டடிக்குத் தாராளமா வரும், எழுத்து உயரத்தைக் கொஞ்சம் குறைச்சா போதும். போட்டோவைக் குறைங்க, பேரைக் குறைக்காதீங்க. ஃபைலை வெக்டரா அனுப்புங்க, வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா உடைஞ்சு வரும்.

ராணி டீச்சர்:
அரசரடி தம்பி, தமிழ் விஷயத்துல நீங்க சொன்னது எனக்கு நிறைவு. இங்கிலீஷ் விஷயத்துல நான் இன்னும் மாறல. தெரிஞ்சவன் தெரிஞ்சுப்பான்னு சொன்னீங்க, தெரியாத பிள்ளைங்கதான் எங்கிட்ட சண்டே ஸ்கூலுக்கு வருது. மொதல்ல முழுப் பேரைக் கத்துக்கட்டும், அப்புறம் சுருக்கத்தைக் கத்துக்கட்டும். முழுசு தெரியாதவனுக்குக் குடுத்த சுருக்கம் வெறும் கீறல்தான்.

அரசரடி மாணவன்:
டீச்சர், அந்த வரிசை சரிதான், முழுசு முதல்ல. ஆனா சொல்லிக் குடுங்க, மறைக்காதீங்க. கெல்ஸ் புத்தகம்னு ஒரு சுவிசேஷப் பிரதி, சுமார் 800ல துறவிங்க கையால எழுதினது, இப்ப டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல இருக்கு. அதுல ரொம்ப அலங்காரமான பக்கங்கள்ல ஒண்ணு மத்தேயு 1:18, ஆண்டவரோட பிறப்பைச் சொல்ல ஆரம்பிக்கிற அதே வசனம். அங்க கிறிஸ்துங்கிற பேரை முழுசா எழுதல. அந்த "கி" எழுத்து ஒண்ணை ஒரு பக்கம் பூராவும் பரப்பி, அதுக்குள்ள சுழிக்குள்ள சுழியா, தேவதூதர், பூனை, எலி, மீன் கவ்வின நீர்நாய் வரைக்கும் வரைஞ்சிருக்காங்க. கிறிஸ்து பிறப்பும் அந்த எழுத்தும் ஒரே பக்கத்துல சேர்ந்து நிக்கிறதை உங்க பிள்ளைங்க ஒரு தடவை கண்ணால பாக்கட்டும்.

ராணி டீச்சர்:
அந்தப் படம் எங்க கிடைக்கும் தம்பி? எலி பூனையெல்லாம் இருக்குன்னா பிள்ளைங்க விட மாட்டாங்க.

அரசரடி மாணவன்:
காலேஜ் சைட்லயே முழுப் புத்தகமும் இலவசமா பார்க்கலாம் டீச்சர், 34ஆம் ஏட்டோட முன்பக்கம்னு தேடுங்க. நல்லா பெருசாக்கிப் பாக்கலாம். கலர் பிரிண்ட் வேணும்னா மணி அண்ணன்கிட்ட ஏ3ல போடச் சொல்லுங்க.

பாளை ஜெபா:
ஃபைல் மாத்திட்டேன். தமிழ்ல "கிறிஸ்மஸ் கேரல் பவனி" பெருசா, இங்கிலீஷ் வரியையும் முழுசாவே போட்டுட்டேன், எங்க சபையில இந்த வருஷம் அதுல சண்டை வேணாம்னு. கோவப்பட்ட பசங்ககிட்ட அந்த கெல்ஸ் பக்கத்தை அனுப்பினேன், அதுல ஒருத்தன் "அண்ணே, ஸ்டாருக்குள்ள இந்த எழுத்தை வெட்டி வைக்கலாமா, லைட் போட்டா தெரியும்"னு கேக்கிறான். மணி அண்ணே, கலர் பேப்பர்ல அந்த சைஸ்க்கு கட்டிங் போட முடியுமா, எவ்ளோ ஆகும்?

அச்சகம் மணி:
போடலாம். ரெண்டடி ஸ்டார்னா எழுத்து ஒரு அடிக்கு மேல வேணாம், ஓரத்துல ஃபிரேம் இடிக்கும். டிசைன் அனுப்புங்க, பாத்துட்டு ரேட் சொல்றேன்.